மீன் தொட்டியில் வெள்ளைப் புழுக்கள்: தொட்டியைக் கொட்டிக் கழுவ வேண்டாம்

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டடி நீளத் தொட்டி. அதில் கப்பி மீன்கள், இரண்டு நத்தைகள், மகளுக்காக வாங்கிய சில செர்ரி இறால்கள். காலையில் விளக்கைப் போட்டால் முடியைவிடச் சற்றே தடித்த வெள்ளைப் புழுக்கள் கண்ணாடியில் ஏறி நிற்கின்றன, கல்லைக் கிளறினால் இன்னும் கிளம்பி நெளிந்து நீந்துகின்றன. மீன் விற்ற கடைக்காரர் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கல்லை உப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா, இந்தப் புழுவால் மீனுக்கோ குழந்தைக்கோ கெடுதல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படிச் செய்ய வேண்டாம். நீங்கள் விவரித்தபடி பார்த்தால் அவை மண்புழுவின் சிற்றுறவுகள். மண்ணில் மண்புழு செய்யும் வேலையைத்தான் தொட்டியின் அடியில் செய்கின்றன. மீன் தின்னாமல் விட்ட தீனி, கழிவு, அழுகிய இலை ஆகியவையே அவற்றின் உணவு. மீனைக் கடிக்காது, மீனின் உடலுக்குள் புகாது, மனிதர் வயிற்றிலும் வாழாது. குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவை பெருகியிருக்கிறது என்றால் தொட்டியின் அடியில் தேவைக்கு மேல் சோறு கிடக்கிறது என்பதுதான் செய்தி. அந்தச் சோற்றை நிறுத்தாமல் புழுவை மட்டும் அழித்தால் சில வாரங்களில் மறுபடியும் அதே காட்சியைப் பார்ப்பீர்கள்.

கொட்டிக் கழுவுவதால் வரும் கேடு புழுவால் வரும் கேட்டைவிடப் பல மடங்கு பெரியது. மீன் வெளியேற்றும் அம்மோனியா அதற்கே நஞ்சு. கல்லின் மேலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் கூட்டம் ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வெந்நீரும் வெயிலும் அதை ஒரே நாளில் ஒழித்துவிடும். அப்போது மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சு வாங்கும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் காரத்தன்மை மிகுந்தது என்பதால் நிலைமை இன்னும் மோசமாகும்: பி.ஹெச். 7 இலிருந்து 8 க்கு ஏறினால் மொத்த அம்மோனியாவில் நச்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. "எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவித்தானே வைத்தேன், மீன் ஏன் வரிசையாகச் செத்தது" என்று வருந்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கழுவிக் கொட்டியதில் மீனைக் காத்துவந்த பாக்டீரியாவும் போய்விட்டது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

எதையும் தொடங்குவதற்கு முன் இருப்பது எந்தப் புழு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு சொட்டுக் குழாயால் நான்கைந்தை உறிஞ்சி, வெள்ளைக் கிண்ணத்தில் சிறிது தண்ணீருடன் விட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்தாலே போதும். உடல் நூல் போல உருண்டு, உற்றுப் பார்த்தால் மெல்லிய கணுக்கள் தெரிந்து, நீந்தும்போது பாம்பு போல வளைந்து வளைந்து போனால் அது நான் சொன்ன மண்புழு உறவுதான். அதைவிடச் சிறியதாக, கணுவே இல்லாமல், இருந்த இடத்திலேயே சாட்டை சுழற்றுவது போல் துடித்தால் தனித்து வாழும் உருளைப்புழு, அதுவும் தீங்கற்றது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே என்பதால் இவற்றைப் பிரித்தறிய மெனக்கெட வேண்டாம்.

நெளியாமல், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வழுக்கியபடி நகர்கிறதா? உடல் தட்டையாக, தலை முக்கோணமாக, அதில் மாறுகண் போல இரண்டு கரும்புள்ளிகள் இருக்கின்றனவா? அது பிளனேரியா என்ற தட்டைப்புழு. வளர்ந்த மீனுக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் உங்களிடம் இறால் இருக்கிறது. இறால் குஞ்சுகளையும் மீன் முட்டைகளையும் அது தின்னும் என்பதால் அதற்குத் தனி வழி பார்க்க வேண்டும். சிவப்பாக, தடிப்பாக, சேற்றால் ஒரு சிறு குழல் கட்டி அதற்குள் இருந்தால் அது கொசு போன்ற ஒரு கடிக்காத ஈயின் இளம்புழு. கடையில் ரத்தப்புழு என்று காசு கொடுத்து வாங்குகிறோமே, அதேதான். மீன் பார்த்தால் விடாது. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நுனியில் விரல் விரலாக விரித்தபடி நின்றால் அது ஹைட்ரா, புழுவே அல்ல.

இன்னும் இரண்டை மீனின் உடலில்தான் தேட வேண்டும். மீனின் கழிவுத் துளையிலிருந்து சிவப்பு நூல்கள் இரண்டு மூன்று வெளியே நீட்டிக்கொண்டு, மீன் அசையாமல் நிற்கும்போது தெரிந்து, நீந்தினால் உள்ளே இழுத்துக்கொண்டால் நிலைமை வேறு. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். கோல்டு ஃபிஷ் போன்றவற்றின் செதிலில் குச்சி போல ஒன்று குத்திக்கொண்டு, அந்த இடம் சிவந்திருந்தால் அது நங்கூரப்புழு. பெயரில்தான் புழு, உண்மையில் அது இறாலுக்குத் தூரத்து உறவான ஒட்டுண்ணி. உங்கள் கப்பிகளை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். உடலில் எதுவும் இல்லை, நன்றாகத் தின்கின்றன என்றால் மீனைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

காலையில் மட்டும் அவை மேலே ஏறுவது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். அது நல்ல கவனிப்பு. தொட்டியில் நடப்பதைப் பாதி அதுவே சொல்லிவிடுகிறது. பகலில் செடிகள் ஆக்சிஜனைத் தருகின்றன; இரவில் செடி, மீன், பாக்டீரியா எல்லாமே அதை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கல்லுக்கு அடியில் அழுகும் தீனி மிச்சத்தையும் உறிஞ்சிவிடுவதால், அடியில் மூச்சு விட முடியாமல் புழுக்கள் மேலே வருகின்றன. வெப்பமும் இதில் சேர்கிறது. 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 32 டிகிரியில் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். சித்திரை, வைகாசியில் இந்தக் கேள்வி அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இரவில் ஏர் பம்பை நிறுத்தும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே அதை விட்டுவிடுங்கள். சத்தம் தொந்தரவாக இருந்தால் பம்பை மடித்த துணியின் மேல் வையுங்கள், நிறுத்தக் கூடாது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைப்பது நல்லது, மின்சாரம் போகும்போது தொட்டி நீர் குழாய் வழியாக அதற்குள் இறங்காது.

இவ்வளவு வேகமாகப் பெருகுவது எப்படி என்றால், இந்தப் புழுக்களில் பலவற்றுக்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. உடலின் பின்பாதியில் இன்னொரு தலை உருவாகி, அங்கேயே அறுந்து இரண்டு புழுக்களாகிவிடும். வெதுவெதுப்பான நீரும் உணவும் இருந்தால் சில நாட்களிலேயே கூட்டம் இரட்டிப்பாகும். உணவு குறைந்தால் அதே வேகத்தில் சரியும்.

எனவே முதல் மருந்து தீனி டப்பாவில் இருக்கிறது. வீட்டில் யார் யார் தீனி போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். காலையில் அப்பா ஒரு சிட்டிகை, பள்ளியிலிருந்து வந்ததும் பிள்ளை ஒரு சிட்டிகை, "பாவம், வாயைப் பிளக்கிறது" என்று பாட்டி ஒரு சிட்டிகை. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. மீன் குளிர் ரத்தப் பிராணி. உடலைச் சூடாக வைத்துக்கொள்ள அது எதையும் செலவிடுவதில்லை, நாம் நினைப்பதில் மிகச் சிறு பங்கே அதற்குப் போதும். ஆளைப் பார்த்ததும் கண்ணாடி அருகே ஓடி வருவது பழக்கம். பசி என்று கொள்ள வேண்டாம். ஒருவர் மட்டும் போடட்டும். இரண்டு நிமிடத்தில் ஒரு துகள் மிச்சமின்றித் தின்று முடிக்கும் அளவுக்குப் போடுங்கள். இப்போதைக்கு முதல் இரண்டு நாள் எதுவும் போடாமல் விடலாம். வளர்ந்த கப்பிக்கு ஒன்றும் ஆகாது, அந்த நேரத்தில் கண்ணாடியில் ஏறும் புழுக்களைத் தேடித் தின்னத் தொடங்கும். அதன் பிறகும் வாரத்தில் ஒரு நாள் தீனியில்லாத நாளாக வையுங்கள். பிறந்து சில நாளேயான குஞ்சுகள் இருந்தால் மட்டும் அவற்றைத் தனி டப்பாவில் எடுத்து வழக்கம் போல் ஊட்டுங்கள். புழுவைத் தின்னும் என்று சொல்லிப் புதிய மீனைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். தொட்டியில் வாய் ஒன்று கூடினால் கழிவும் கூடும்.

அடுத்தது அடிச் சுத்தம். ஒரு சைஃபன் குழாய் வாங்குங்கள். அகன்ற வாயும் கையால் அமுக்கும் பம்பும் உள்ளது நல்லது. வாயால் உறிஞ்சி நீரை இழுக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டும். தொட்டி நீரில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் மனிதருக்கு நோய் தரும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியாகவும் நுழையும். புழுவுக்குப் பயப்படும் நாம் அஞ்ச வேண்டியது உண்மையில் இதற்குத்தான். காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், குழந்தைக்கும் இதையே பழக்குங்கள்.

குழாயின் வாயைக் கல்லுக்குள் செருகி, பழுப்பு நிறக் கசடு மேலே வந்து தெளியும் வரை வைத்திருந்து, அடுத்த இடத்துக்குப் போங்கள். ஒரே நாளில் தொட்டியின் முழு அடியையும் கிளற வேண்டாம். இந்த வாரம் இடது பாதி, அடுத்த வாரம் வலது பாதி. ஒவ்வொரு முறையும் மொத்த நீரில் நான்கில் ஒரு பங்கு வெளியேறினால் போதும். அதற்கு ஈடாக ஊற்றும் நீர் மாநகராட்சிக் குழாய் நீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டுகள் சேர்த்து, தொட்டியின் வெப்பநிலைக்கு வந்த பிறகே ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாய்க்கு அடியில் காட்டாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த அதே பழைய நீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும், அழுக்கு போகும், பாக்டீரியா தங்கும். கண்ணாடியில் ஏறிய புழுக்களைப் பழைய கார்டு ஒன்றால் வழித்து நீரோடு வெளியேற்றிவிடலாம்.

உப்பு, பொட்டாசியம் பெர்மாங்கனேட், பிளீச்சிங் பவுடர் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இவற்றில் எதையும் மீன் இருக்கும் தொட்டியில் இந்தப் புழுவுக்காகப் போடாதீர்கள். புழுவைக் கொல்லும் அளவு உப்பு போட்டால் செடியும் இறாலும் முதலில் போகும். தாமிரம் கலந்த மருந்து இறாலுக்கும் நத்தைக்கும் எமன். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு: கல்லுக்கு அடியில் இருக்கும் பெருங்கூட்டம் ஒரே இரவில் செத்தால் அத்தனையும் அங்கேயே அழுகும். அம்மோனியா ஏறி, ஆக்சிஜன் இறங்கி, மறுநாள் காலை மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். புழுவே வேண்டாம் என்று துடைத்தெடுக்க நினைப்பதுதான் தவறு. கல்லுக்குள் கொஞ்சம் புழு இருப்பது நல்ல தொட்டிக்கு இலக்கணம், கண்ணாடியில் ஏறும் அளவுக்குப் பெருகாமல் வைத்தால் போதும்.

கிண்ணத்தில் பார்த்தது பிளனேரியா என்றால் மேலே சொன்ன தீனிக் கட்டுப்பாடும் சுத்தமும் பாதி வேலையைச் செய்யும். மீதிக்குப் பொறி வைக்க வேண்டும். பிளேடால் நறுக்கி ஒழிக்கப் பார்க்காதீர்கள். 1898 இல் அமெரிக்க உயிரியலாளர் டி. ஹெச். மார்கன், ஒரு பிளனேரியாவின் 279 இல் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகூட முழுப் புழுவாக வளரக்கூடும் என்று கண்டார். நசுக்கிக் கண்ணாடியில் தேய்ப்பதும் அதே வினைதான். சிறு துளைகள் கொண்ட ஒரு கண்ணாடிக் குழல் அல்லது மூடியில் மெல்லிய துளையிட்ட சிறு மாத்திரைக் குப்பியில், கொட்டைப்பாக்கு அளவுகூட வேண்டாம், அதில் பாதி இறைச்சித் துண்டை வைத்து, இரவில் விளக்கணைத்த பின் அடியில் கிடத்துங்கள். இறால் குஞ்சு நுழைய முடியாதபடி துளை சிறியதாக இருக்கட்டும். விடிவதற்கு முன் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தின்றுவிட்டுத் திரும்பிவிடும். நாள்தோறும் சில வாரங்கள் இப்படிச் செய்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் மருந்து. கால்நடை மருந்துக் கடையில் நாய்க்கும் மாட்டுக்கும் குடற்புழு நீக்கமாகக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் பிளனேரியாவையும் ஹைட்ராவையும் கொல்லும், செர்ரி இறால் தாங்கிக்கொள்ளும். ஆனால் உங்களிடம் இரண்டு நத்தைகள் இருக்கின்றன. நெரைட், ஆப்பிள் வகை நத்தைகளுக்கு அது கொடிய நஞ்சு. கல்லிலும் மண்ணிலும் தங்கி மாதக்கணக்கில் பாதிக்கும். நத்தைகளுக்கு நிரந்தரமாக வேறு இடம் இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, மின்னணுத் தராசில் நிறுத்துப் போட வேண்டும், கண்ணளவு இங்கே உதவாது. பிளனேரியாவுக்கென விற்கும் பொடிகள் சிலவற்றின் மூலப்பொருள் நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கேதான். பாக்கில் உள்ள அரிகோலின், முன்பு நாய்களுக்கு நாடாப்புழு நீக்கவும் பயன்பட்டது. அதற்காக வீட்டுப் பாக்கை இடித்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு காயிலும் சத்தின் அளவு வேறு, நத்தைக்கு அதுவும் ஆகாது. மீனின் நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் பிராசிகுவாண்டல் இதற்கு நல்லது என்று யாராவது சொன்னால் அதையும் தவிர்த்துவிடுங்கள். ஜப்பானிய பிளனேரியா இனம் ஒன்றை நறுக்கி அந்த மருந்தில் வைத்தபோது, துண்டுகள் இரு முனையிலும் தலையோடு வளர்ந்ததாக 2009 இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இப்போது அந்தச் சிவப்பு நூல். கமலானஸ் என்ற இந்த உருளைப்புழு கப்பி, மோலி, ஃபைட்டர் போன்ற மீன்களில் அதிகம் வரும். குடல் சுவரைப் பற்றிக்கொண்டு ரத்தம் குடிப்பதால்தான் அந்த நிறம். வயிறு உப்பியும் முதுகு மெலிந்தும் மீன் மெல்ல மெல்ல வாடும். வெளியே நூல் தெரியும்போது உள்ளே நெடுநாளாக இருந்திருக்கிறது என்று பொருள். பெண் புழு உயிருள்ள இளம்புழுக்களை நேரடியாகத் தொட்டியில் விடுகிறது. அவை அடியில் துள்ளுவதைப் பார்த்து இரை என்று மற்ற மீன்கள் விழுங்கும். அதனால் ஒரு மீனில் கண்டால் எல்லா மீனுக்கும் வைத்தியம் செய்ய வேண்டும்.

இதற்கு நம்பகமான மருந்து லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு, லிட்டருக்கு 2 மில்லிகிராம். உங்கள் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக ஏறக்குறைய 45 லிட்டர் நீர் இருக்கும். ஆக 90 மில்லிகிராம், அதாவது 150 மில்லிகிராம் மாத்திரையில் ஐந்தில் மூன்று பங்கு. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட்டு, இறாலையும் நத்தையையும் தனி டப்பாவுக்கு மாற்றி, மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊற்றுங்கள். வெளிச்சத்தில் மருந்து சிதையும் என்பதால் விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடிவையுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும். லெவமிசோல் புழுவைக் கொல்வதில்லை, அதன் தசையை முடக்குகிறது. பிடி தளர்ந்த புழு குடலிலிருந்து வெளியே விழும். ஆகவே 24 மணி நேரம் கழித்து அடியை நன்றாக உறிஞ்சி, பாதிக்கு மேல் நீரை மாற்ற வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் மருந்து போட்டதே வீண். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. மாத்திரையைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், மிச்சத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

இவை எல்லாம் வீட்டுக்குள் எப்படி வருகின்றன? பெரும்பாலும் செடியின் வேரிலும், மீன் வந்த பாலித்தீன் பையின் தண்ணீரிலும்தான். சாக்கடைச் சேற்றில் வளரும் டியூபிஃபெக்ஸ் புழுவை உயிரோடு வாங்கிப் போடுவது இன்னொரு வாசல். மீன் ஆசையாகத் தின்னும், கூடவே நோயும் வரும். அதற்கு பதிலாக உறைந்த ரத்தப்புழுவை வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். வண்ண மீன் சந்தைக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரிலோ வேறு எங்கோ, எவ்வளவு நல்ல பண்ணையில் மீன் வாங்கினாலும், பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் வலையால் மீனை மட்டும் எடுத்து, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். கமலானஸ் உடனே வெளியே தெரியாது என்பதால்தான் இந்தக் காலக்கெடு. செடியை நன்றாக அலசி, தனி வாளியில் ஒரு வாரம் வைத்து, கண்ணில் படுவதைக் களைந்த பின் நடலாம்.

தீனியைக் குறைத்து இரண்டு முறை அடியை உறிஞ்சினால், மூன்று வாரத்துக்குள் கண்ணாடியில் புழு ஏறுவது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் கல்லைப் பாருங்கள். கடைகளில் தரும் வண்ணக் கூழாங்கற்கள் பெரியவை, இடைவெளி அதிகம். விழுந்த தீனி மீன் வாய்க்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். இரண்டு மூன்று அங்குலம் அப்படிக் கொட்டியிருந்தால், வாரத்துக்குக் கால் பங்கு வீதம் அள்ளி எடுத்து, ஒரு அங்குல உயரத்துக்குக் கழுவிய பருமணலாக மாற்றுங்கள். தீனி மணலின் மேலேயே நிற்கும், இறாலும் நத்தையும் அதை முடித்துவிடும்.